ஸ்டெபனி வீட்டில் இருந்த வருடம்

மோர்னிங்சைட், ஸ்காபரோ
15 செப்டெம்பர் 2024

அன்புள்ள றீற்றா அக்காவுக்கு,

மாதாவின் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம். உங்கள் மூவரின் பெயரையும் சொல்லித்தான் ஞாயிறு பூசையில் மன்றாடுகிறேன். முழங்கால் வலி இப்போது எப்படி? மாடி வகுப்பைக் கீழே மாற்றித் தந்தார்களா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் ரீச்சர் ஆகிவிடுகிறீர்கள், நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆகிவிடுகிறேன். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. கடிதத்தை நீங்கள் இடையில் மறிக்க முடியாதே.

இந்த மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஸ்டெபனியை நான் அனுப்பவில்லை.

போன வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் அவள் வாந்தி எடுத்தாள். டொக்டர் எல்லாம் சோதித்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். அவளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை, அக்கா. ஒன்பது வயது. வகுப்பில் முறை வைத்து வாசிப்பார்கள். தன் முறை வருவதற்கு இரண்டு பிள்ளை முன்னதாகவே கையை உயர்த்தி, கழிவறைக்குப் போய் இருந்துவிடுவாளாம். அந்த ரீச்சர் நல்லவர்தான். அவர்தான் இதை எனக்குச் சொன்னார். ஜூன் மாதத்தில் இவள் என்னிடம், "அம்மா, நான் மக்குத்தானே?" என்று சாதாரணமாகக் கேட்டாள். நேரம் என்ன என்று கேட்பது மாதிரி.

இங்கே கல்விச்சபைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கொடுத்துவிட்டேன். பாடநேரசூசி இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. அவளுடைய மனம் எதில் போகிறதோ அதன் பின்னால் நான் போவது. நூலகத்தில் சந்தித்த இரண்டு தாய்மார் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்குப் பின்னேர வேலைதானே, பகலில் நான் வீட்டில்தான்.

கோபிக்காமல் எழுதுங்கோ. அத்தானுக்கும் மகள் டிலானிக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை
ஏஞ்சலா

•

மன்னார்
9 ஒக்டோபர் 2024

அன்புத் தங்கை ஏஞ்சலாவுக்கு,

நாங்கள் கர்த்தருக்குள் சுகம். முழங்கால் அப்படியே. மாடியும் அப்படியே.

உன் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பிக்கிறேன். பிள்ளையின் மனம் போகிற பக்கம் நாங்களும் போவதென்றால் என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரும் இப்போது கடலில் குளித்துக்கொண்டிருப்பார்கள். வாசிக்க வராத பிள்ளைக்கு வாசிப்பைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், நீ குறைத்துக் கொடுக்கிறாய். உன் மனுஷன் ஜெனாட் இதற்குச் சம்மதித்தாரா? அதைப்பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை.

டிலானியைப் பார். உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எடுக்கிறாள். அடுத்த மாதம் பரீட்சை. விடியமுன் நாலு மணிக்கு எழும்புகிறாள். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறேன். தலையை நிமிர்த்த மாட்டாள், ஒரு சத்தம் இல்லை. போனமுறை மூன்று புள்ளியில் தவறிய மருத்துவபீடம் இந்தமுறை தவறாது. படிப்பென்றால் இதுதான். கஷ்டமில்லாமல் எது வரும்?

தரம் நான்கு கணக்குப் பயிற்சித்தாள் முப்பது அனுப்பியிருக்கிறேன். கணக்குக்கு மொழி தேவையில்லை. நாளுக்கு ஒன்று செய்யவை.

மன்றாடுகிறேன்.

அக்கா றீற்றா

•

மோர்னிங்சைட்
3 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, ஸ்டெபனிக்குச் சின்னத் தடிமன். வேறொன்றுமில்லை. ஜெனாட் சுகம். பஸ் ஓட்டத்தில் மேலதிக வேலை எடுக்கிறார்.

பயிற்சித்தாள் கிடைத்தது. உண்மையைச் சொல்கிறேன், அவற்றின் பின்பக்கத்தில் அவள் மீன் வரைந்திருக்கிறாள். கோபம் வரும் என்று தெரியும். முழுவதையும் கேளுங்கோ.

முதல் மூன்று கிழமையும் அவள் ஒன்றுமே செய்யவில்லை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டு ஒரே கார்ட்டூனைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நான் அதே மேசையில் இருந்து உள்ளி உரித்தேன், மரக்கறி வெட்டினேன், துணி மடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது, அக்கா. நர்சிங் ஹோமில் எட்டு மணித்தியாலம் நின்றாலும் அவ்வளவு களைப்பு வருவதில்லை.

நாலாம் கிழமை, "வெளியில போவமா?" என்றாள். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கினால் பூங்கா, அதற்குள்ளே ஒரு சிற்றாறு. அதில் சமன் மீன். ரின்னில் அடைத்து வருமே, அந்த மீன்தான். என் கை நீளம். வாவியிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வருகின்றன. முழங்கால் அளவு தண்ணீரில் கல்லில் அடிபட்டு, தோல் உரிந்து, வெள்ளை வெள்ளையாக. ஒன்று தடுப்பணையில் பாய்ந்து பாய்ந்து விழுந்தது.

"அம்மா, ஷி இஸ் டயர்ட்," என்றாள். பிறகு, "உது ஏன் திரும்பிப் போகுதில்லை?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. மன்னாரில் பிறந்தும் மீனைச் சட்டியில்தானே எனக்குத் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறதென்பது அவளுக்குப் புதினமாக இருந்தது போல.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் போகிறோம். உயிருள்ள மீனுக்குத் தாளில் ஒரு கோடு, செத்த மீனுக்குப் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி. "நேற்று முப்பத்தொண்டு, இண்டைக்குப் பதினெட்டு. பதின்மூண்டு எங்க போயிருக்கும்?" என்று தானே கேட்கிறாள். இந்தக் கழித்தலை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

டிலானிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு செபமாலை சொல்கிறேன்.

அன்புடன்
ஏஞ்சலா

•

மோர்னிங்சைட்
5 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

பிறந்திருக்கும் வருடத்தில் உங்கள் வீட்டுக்கு நன்மை மட்டும் வரட்டும். இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம் ஒரு மாதம் இழுத்துவிட்டது. நத்தார் வாழ்த்து மட்டையும் அதற்குள் அகப்பட்டிருக்கும். டிலானி பரீட்சை எப்படிச் செய்தாள்? நத்தாரன்று போனில் கேட்டபோது லைன் போய்விட்டது.

ஜெனாட்டைப்பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைத்துத்தான் வைத்திருந்தேன். அவர் சம்மதிக்கவில்லை, அக்கா. சும்மா பேசாமல் இருந்தார், அதை நான் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன். நத்தார் லீவுக்கு முதல் எனக்குச் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்பச் சேர்க்கும் படிவத்தை வாங்கி வந்து குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார்.

நான் சத்தம் போட்டேன். அவர் போடவில்லை. "எனக்குப் பத்து வயசில பள்ளிக்கூடம் அகதிமுகாம் மரத்துக்குக் கீழ. கொப்பி இல்லை, ரீச்சருக்குச் சோக் இல்லை. மழை வந்தா லீவு. அந்த மரமும் ஒரு நாள் இல்லாமப் போச்சு. என்ர பிள்ளைக்குக் கிடைச்சதை நானே வேண்டாமெண்டு சொல்லுறதோ, ஏஞ்சலா?" என்றார்.

பத்து வருடம் கூட வாழ்ந்தும் அந்த மரத்தைப்பற்றி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

செப்டெம்பர் வரைக்கும் பார்ப்போம் என்று முடிவு. அதுவரை படிவம் குளிர்ப்பெட்டியிலேயே இருக்கட்டுமாம்.

ஆறு உறைந்துவிட்டது, மீன் இல்லை. ஸ்டெபனி என்னோடு றொட்டி சுடுகிறாள், மாவை அரைக் கோப்பை கால் கோப்பை என்று அளக்கிறாள். ஆனால் வாசிக்கவில்லை. ஒரு எழுத்தும் இல்லை. பயமாக இருக்கிறது, அக்கா. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

ஏஞ்சலா

•

மன்னார்
2 பெப்ரவரி 2025

அன்புள்ள ஏஞ்சலா,

சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இரண்டு கிழமை காய்ச்சல், இப்போது பரவாயில்லை. அத்தான் சுகம்.

டிலானி பரீட்சையை முடித்துவிட்டாள். இரசாயனம் மிகவும் நன்றாகச் செய்தாளாம். கோயிலடியில் கேட்டவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். களைப்பில் இருக்கிறாள், அறையை விட்டு அதிகம் வருவதில்லை. பெறுபேறு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

ஜெனாட் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தப் படிவத்தை இன்றே நிரப்பிக் கொடு.

அவசரமாக எழுதுகிறேன்.

றீற்றா

•

மோர்னிங்சைட்
4 மே 2025

அன்பு அக்காவுக்கு,

காய்ச்சல் முற்றாக விட்டதா? மூட்டு நோவு கன நாள் நிற்கும் என்கிறார்கள், கவனம்.

ஒரு சந்தோஷம் சொல்ல வேண்டும். உங்களுக்குத்தான் முதலில்.

பனி கரைந்ததும் ஆற்றில் வேறு சாதி மீன் ஏறத் தொடங்கியது. கரையில் ஒரு அறிவித்தல் பலகை இருக்கிறது. ஸ்டெபனி ஒரு மாதமாக அதற்கு முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்பாள். "உது என்ன? உது?" நான் சொல்வேன், அவ்வளவுதான். போன சனிக்கிழமை ஜெனாட்டுக்கு லீவு, அவரும் வந்தார். ஒரு மனிதர் தன் நாயைத் தண்ணீருக்குள் விட்டு விளையாடிக்கொண்டிருந்தார். இவள் நேரே அவரிடம் போனாள். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம்.

அவரைப் பலகையடிக்குக் கூட்டி வந்து, அதில் விரலை வைத்து, சத்தமாக, சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசித்தாள். மீன்கள் முட்டையிடும் காலம். நாய்களைத் தண்ணீரில் விடாதீர்கள். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். அந்த மனிதர் உதவப் போனார். "நோ, ஐ கேன் டூ இட்," என்று மறித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். அவர் மன்னிப்புக் கேட்டு நாயைக் கூப்பிட்டார்.

ஜெனாட் சப்பாத்து நூலைக் கட்டுவது போலக் குனிந்து, கனநேரம் நிமிராமல் இருந்தார். அவர் போட்டிருந்தது நூல் இல்லாத சப்பாத்து.

பெறுபேறு வந்துவிட்டதென்று பேஸ்புக்கில் பார்த்தேன். டிலானிக்கு எப்படி? உடனே எழுதுங்கோ. கேக் வாங்கக் காத்திருக்கிறோம்.

ஏஞ்சலா

•

மோர்னிங்சைட்
15 ஜூன் 2025

அக்கா,

நலம்தானா? ஆறு கிழமை ஆகிறது. போன் எடுத்தால் அத்தான், "அக்கா பள்ளிக்கூடத்தில" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடமா?

உங்கள் பெப்ரவரிக் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். டிலானி நன்றாகச் செய்தாள் என்று இல்லை, நன்றாகச் செய்தாளாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது நான் கவனிக்கவில்லை.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கோ. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உங்கள்
ஏஞ்சலா

•

மன்னார்
10 ஜூலை 2025

என் அன்பு ஏஞ்சலா,

சுகம் விசாரிக்க இன்று மனமில்லை. மன்னித்துக்கொள்.

பெறுபேற்றில் இரசாயனத்துக்கு நேரே வரவில்லை என்று போட்டிருந்தது. பிழை நடந்திருக்கிறது என்று நான் பரீட்சை நிலையத்துக்கே போய்விட்டேன். வரவுத்தாளை எடுத்துக் காட்டினார்கள். அவளுடைய பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை.

அன்று காலையில் நான்தான் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். அவள் மன்னார் பஸ் நிலையத்து வாங்கில் இருந்திருக்கிறாள். பேனை, அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மடியில். பரீட்சை முடியும் நேரம் வரை இருந்து, எழும்பி வீட்டுக்கு வந்து, "நல்லாச் செய்தனான் அம்மா" என்று சொல்லியிருக்கிறாள். நான் அதை ஊருக்கே சொன்னேன்.

கேட்டேன். "பேப்பரை நினைச்சாலே மூச்சு வருகுதில்லையம்மா," என்றாள். நான் அடித்தேன், ஏஞ்சலா. இருபது வயதுப் பிள்ளையைக் கன்னத்தில் அடித்தேன். அவள் அழவில்லை. "அடியுங்கோ அம்மா. திரும்பப் போகச் சொல்லாதேங்கோ," என்றாள்.

விடியமுன் எழும்பித் தலை நிமிராமல் இருந்தாளே, அந்த ஒரு வருடமும் என்ன படித்தாய் என்று கேட்டேன். கன நாட்கள் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் பக்கத்திலேயே இருந்தேன். கணித ரீச்சர். பக்கம் புரள்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லை எனக்கு.

இரண்டு மாதமாக என்னோடு பேசவில்லை. உன் கடிதங்களை அலுமாரியில் சேலைக்குக் கீழே வைத்திருந்தேன். எடுத்து எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள். முந்தநாள் குசினி வாசலில் வந்து நின்று, "சின்னம்மா மூண்டு கிழமை ஒண்டுமே கேக்காமல் இருந்தவவோ? உண்மையோ?" என்றாள். "ஓம், அப்படித்தான் எழுதியிருக்கிறா" என்றேன்.

"உங்களால ஏலுமோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் முறை எழுத இந்த மாத முடிவுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அத்தான் போடச் சொல்கிறார். நான் என்ன செய்ய? உனக்கு நான் எத்தனை புத்தி சொன்னேன். இப்போது நீ சொல்லு.

றீற்றா

•

மோர்னிங்சைட்
3 ஓகஸ்ட் 2025

என் அன்பு அக்கா,

கடிதத்தை வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். உங்களுக்காகவும்தான், அவளுக்காகவும்தான். நீங்கள் கெட்ட தாய் இல்லை. நானும் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு வருடம் முழுக்க வாந்தியைத் துடைத்தேன், அதற்குமேல் யோசிக்கவில்லை.

என்னிடம் மருந்து ஒன்றும் இல்லை, அக்கா. செய்ததை மட்டும் சொல்கிறேன். அவள் இருக்கிற இடத்தில் நானும் இருந்தேன். கையில் எப்போதும் ஒரு வேலை வைத்திருந்தேன், இல்லாவிட்டால் வாய் சும்மா இருக்காது. "என்ன யோசிக்கிறாய்" என்றுகூடக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் பிழை செய்கிறேனோ என்று பயந்துகொண்டேதான் செய்தேன். பயம் போன பிறகு செய்யலாமென்று இருந்தால் எனக்கு ஒருநாளும் முடிந்திராது.

இங்கே நடந்ததையும் சொல்ல வேண்டும். போன கிழமை ஸ்டெபனி குளிர்ப்பெட்டிக்கு முன்னால் நின்று அந்தப் படிவத்தை முழுவதும் வாசித்தாள். பிறகு, "அம்மா, நான் செப்டெம்பரில பள்ளிக்கூடம் போய்ப் பாக்கட்டா?" என்றாள்.

உங்களோடும் ஜெனாட்டோடும் சண்டை பிடித்துப் பெற்ற வருடம். காலையில் ஆற்றங்கரை, மத்தியானம் றொட்டி, நாங்கள் இருவரும். நான் அவளுக்கு எதில் குறை வைத்தேன் என்றுதான் முதலில் தோன்றியது. "ஏன் பிள்ளை?" என்று கேட்டேன்.

"எனக்கு இப்ப வாசிக்க வரும்தானே. மற்றப் பிள்ளையளோட இருந்து பாக்கோணும். ஏலாட்டித் திரும்பி வரலாமோ?"

ஓம் என்றேன். அவளுடைய மனம் போகிற பக்கம் போவேன் என்று சொன்னவள் நான்தானே. அது எனக்குப் பிடித்த பக்கமாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஜெனாட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஏழு மாதம் ஒட்டி வைத்த படிவத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கட்டாயமில்லை அம்மாச்சி. விருப்பமில்லாட்டி வேண்டாம்," என்று அவளிடம் மூன்று தரம் சொன்னார். என் பயம் இப்போது அவரிடம் போய்விட்டது.

டிலானிக்கு என் முத்தங்கள். விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்க மாட்டேன். சொல்ல விரும்பினால் சொல்லுங்கோ.

உங்கள்
ஏஞ்சலா

•

மன்னார்
12 ஒக்டோபர் 2025

என் அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இதை எழுதும்போது இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன், ஒரு பிரயோசனமும் இல்லை.

ஸ்டெபனி முதல் கிழமை போனாள், பிறகு இரண்டு நாள் வீட்டில் நின்றாள், பிறகு தானாகவே பையைத் தூக்கினாள் என்று நீ போனில் சொன்னாய். இனியும் சில நாள் வீட்டில் நிற்பாள். நிற்கட்டும். உன் வீட்டுக் கதவு எந்தப் பக்கமும் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

விண்ணப்பம் போடவில்லை. உன் பதில் கிடைக்கும் முன்பே கடைசித் திகதி போய்விட்டது. அன்று முழுக்க நான் அவளுக்கு முன்னால் இருந்து மீன் துப்புரவாக்கினேன், வெங்காயம் வெட்டினேன், அரிசி புடைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வந்து பக்கத்தில் இருந்து மீதி வெங்காயத்தை வெட்டினாள். அத்தான் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. பள்ளிக்கூட ஓய்வறையில் ரீச்சர்மார் கேட்கிறார்கள், டிலானி இப்போது என்ன செய்கிறாள் என்று. "வீட்டில இருக்கிறா" என்கிறேன். அந்த இரண்டு சொல்லையும் சொல்லப் பழக எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

போன மாதம் பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அன்ரிக்கு ஒரு கலியாணக் கேக் ஓடர். உதவிக்கு ஆள் போதாதென்று வேலிக்கு மேலால் கூப்பிட்டிருக்கிறா. இவள் போனாள். அடுத்த நாளும் போனாள். இப்போது ஒவ்வொரு நாளும் போகிறாள். வரும்போது முழங்கை வரை சீனி மணம்.

நேற்று இரவுச் சாப்பாட்டில் வாயைத் திறந்தாள். வெக்கைக்கு ஐசிங் ஏன் உருகுகிறது, பட்டரைக் குறைத்தால் என்ன ஆகும், எத்தனை பாகையில் அது நிற்கும் என்று அரை மணித்தியாலம். கையால் காற்றில் ரோசாப்பூப் போட்டுக் காட்டினாள். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தாள். அத்தான் சோற்றில் கை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது, ஏஞ்சலா. இதுவும் இரசாயனம்தானே பிள்ளை, அடுத்த வருடம் அதை மட்டும் ஒருக்கா எழுதிப் பார்க்கலாமே என்று. அதுவும் இல்லாவிட்டால் கேக்குக்கு ஏதாவது சேட்டிபிக்கற் கோர்ஸ் இருக்கிறதா என்று. இருபத்தேழு வருடத்துப் பழக்கம், நாக்கு தானாக எழும்புகிறது. ஒரு கவளம் சோற்றை எடுத்து வாய்க்குள் வைத்து, அதோடு சேர்த்து விழுங்கினேன்.

அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை. நீ சொல்லு."

சொன்னாள்.

உங்கள் மூவருக்கும் ஆண்டவர் காவல்.

உன் அக்கா
றீற்றா